செவிப்பாறை வரை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. தையல் மிஷினை மிதிப்பதை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அம்மா டாக்டரை மாற்றிவிட்டாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இப்போது ஒரு விஷயம். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் பெருக்கித் துடைத்து ஒயர் சுருட்டி வைப்பதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். அதோடு, காலையில் மைக்கைச் சோதித்துப் பார்க்க ஒலிப்பதிவாளர் என்னைத்தான் உட்கார வைப்பார். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது முடுக்கிக்கொண்டிருப்பார். யாரும் பார்க்காததால் எனக்கு வாய் திறக்கும். பேசுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? அப்பா நம்மைத் தூங்கவைக்கச் சொல்வாரே, முதல் சுரங்க ரயில் வழியின் நிலையங்கள், அவற்றைத்தான் சொல்வேன். சுங்கச்சாவடி, மூன்று கிணறு, கண்ணாடிக்கடை, கோணல் பாலம்.

நேற்று சுரங்க ரயில் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்திருந்தார். நீ வேலை பார்த்தாயே, அந்த நீல வழி ஒருவழியாக ஜூன் மாதம் ஓடப்போகிறது. ரயிலுக்குள் நிலையப் பெயர்களைச் சொல்ல ஒரு குரலைப் பதிவு செய்ய வேண்டும். வரவேண்டிய அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வந்தவரைச் சும்மா அனுப்ப வேண்டாமே என்று ஒலிப்பதிவாளர் என் காலைச் சோதனையைப் போட்டுக் காட்டினார். அதிகாரி அம்மா இரண்டு முறை கேட்டார்.

"யாரு இந்தப் பொண்ணு? தூங்குற ஆளை எழுப்பி, எறங்க வேண்டிய இடம் வந்துடுச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றார்.

நான் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "அதோ, திரைக்குக் கீழ ரெண்டு காலும் ஒரு வாளியும் தெரியுதே, அதுதான்" என்று ஒலிப்பதிவாளர் காட்டிக் கொடுத்துவிட்டார்.

அண்ணா, நீல வழியில் ஆறு நிலையம். ஆறையும் நான் சொல்ல வேண்டுமாம். எழுந்து நின்று படி என்றால் குரல் வராது என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பயத்திலா சந்தோஷத்திலா என்று தெரியவில்லை.

நீ போனை எடுப்பதே இல்லையே, ஏன்? பதிவானதும் முதலில் நீதான் கேட்க வேண்டும். என் பாம்புச்செவி அண்ணன் கேட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னால்தான் அது நன்றாக இருக்கிறது.

படபடப்போடு,
உன் சுண்டெலி


ஜனவரி 21

என் சுண்டெலிக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். அம்மாவின் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல்.

கடிதத்தைப் படித்துவிட்டு நான் குதித்த குதியில் கட்டிலின் ஒரு கால் கழன்றுவிட்டது. மெஸ் சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். என் தங்கை ஒரு ரயிலுக்கே பேசப்போகிறாள் என்று சொன்னேன். அவர் ஏதோ கேட்டார், நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு என் தட்டில் இரண்டு மடங்கு சோறு விழுந்தது. என்னதான் கேட்டாரோ.

போன் விஷயம்: மலைக்கு அடியில் சிக்னல் இல்லை. இங்கே சுரங்கம் வெட்டும் முகாம் முழுக்க இதே கதைதான். நீ எழுது. எழுத்தில் நீ எவ்வளவு வாயாடி என்று இப்போதுதானே தெரிகிறது.

பெயரைச் சொல்லப் பயப்படுகிறவள் முதலில் அந்தப் பெயரோடு பழக வேண்டும். அப்பா உனக்குப் பெயர்களைத்தான் சொன்னார். முதல் வழி தோண்டும்போது மண் லாரி ஓட்டியவர், எனக்குக் கதைகளையும் சொல்லியிருக்கிறார். மூன்று கிணறு என்ற இடத்தில் இருந்தது இரண்டு கிணறுதான். ரயில்காரர்கள் சுரங்கத்துக்கு இறங்க ஒரு குழி வெட்டினார்கள், ராத்திரியோடு ராத்திரியாக ஊற்று பிய்த்துக்கொண்டு நிரம்பிவிட்டது. காலையில் இன்ஜினியர்கள் தலையில் கை வைத்து நிற்க, தெருப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்களாம். குழியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மூன்றாவது கிணறு ஊருக்குக் கிடைத்தது, நிலையத்துக்குப் பெயரும் கிடைத்தது.

கண்ணாடிக்கடை அதைவிட வேடிக்கை. தோண்டிய அதிர்வில் ஒரு கடையில் இருந்த கண்ணாடி அத்தனையும் விரிசல் விட்டது. கடைக்காரர் நஷ்ட ஈடு வேண்டாம், நிலையத்துக்கு என் கடைப் பெயரை வையுங்கள் என்றார். பெரிய மூளை. பெயர் வைத்த வருஷமே கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இன்றைக்கும் அங்கே இறங்கி கண்ணாடிக் கடையைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. ஊருக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே. சின்ன வயதில் கடைக்குப் போனால் வேண்டியதை என் காதில்தான் சொல்வாய். நான் "எங்க மகாராணிக்கு ஒரு பென்சில்" என்று கத்துவேன். மைக் என்பது என் காதுதான். அதில் சொல். உரக்கச் சொல்வதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கால் கழன்ற கட்டிலில் சாய்ந்தபடி,
அண்ணன்


பிப்ரவரி 3

அண்ணா,

நீ நலமா? கட்டில் நலமா?

முதல் பதிவு முடிந்தது. முடிந்தது என்று சொல்வது மரியாதைக்காக. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், அதிகாரி அம்மா, அவருடைய உதவியாளர், மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஒலிப்பதிவாளர் விளக்கை அணைக்காமல் காத்திருந்தார், நான் மூச்சு விட்டேன், நாற்காலி ஒரு முறை கிறீச்சிட்டது. அவ்வளவுதான் அந்தப் பதிவு.

அதிகாரி அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. போகும்போது, "அடுத்த தடவை நாங்க எல்லாரும் திரும்பி உக்காந்துக்கிறோம்மா" என்றார். ஆனால் மே மாதத்துக்குள் ஆறு பெயரும் சரியாக வராவிட்டால் அந்த அறிவிப்பாளரே ஆறையும் சொல்லிவிடுவார். ஒரு வழிக்கு இரண்டு குரல் கூடாதாம். அறிவிப்பாளரின் தொண்டை இப்போது நன்றாக இருக்கிறது.

எனக்கு இது வேண்டும் அண்ணா. இதுவரை எதையும் இப்படி வேண்டும் என்று கேட்டதில்லை.

ஆறு பெயர்: உப்புக் கிடங்கு, கோபக்காரர் தோட்டம், பின்வாசல், மணிக்கூண்டு, தையல்காரர் தெரு, செவிப்பாறை. நீ தோண்டிய வழிதானே. ஒவ்வொன்றுக்கும் கதை சொல்.

உன் காதைத் தேடிக்கொண்டிருக்கும்
சுண்டெலி


பிப்ரவரி 16

ஊமைச் சுண்டெலிக்கு,

சாப்பிட்டேன், தூங்கினேன், நலம். இனி கதை.

முதலில் ஒரு ரகசியம். நிலையத்துக்குப் பெயர் வைப்பது பெரிய மனிதர்கள் என்று நினைக்கிறாயா? வரைபடத்தில் எல்லாம் வெறும் எண்தான். குழியில் இறங்குகிற ஆட்களுக்கு எண் நினைவிருக்காது. இறங்குகிற இடத்தில் ஒரு பலகையை மாட்டி, வாய்க்கு வந்த பெயரைச் சாக்பீஸால் எழுதிவிடுவார்கள். சாமான் கொண்டுவரும் லாரிக்காரர் அதைச் சொல்வார், பிறகு டீக்கடை, பிறகு தெரு. அலுவலகம் வேறு பெயர் யோசித்து முடிப்பதற்குள் ஊர் பழகிவிடும்.

கோபக்காரர் தோட்டம். என் நிலத்துக்கு அடியில் ரயில் போகக் கூடாது என்று ஒரு பெரியவர் குறுக்கே படுத்துவிட்டார். அதனால்தான் நீல வழி அந்த இடத்தில் வாழைக்காய் மாதிரி வளைகிறது. இப்போது அவரே தினமும் நிலைய வேலையைப் பார்க்க வந்து, தான்தான் இடம் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

பின்வாசல். ஆஸ்பத்திரியின் முன்வாசலில் வரவேண்டிய நிலையம். நோயாளிகளுக்குச் சத்தம் ஆகாது என்று பின்பக்கம் தள்ளினார்கள். நோயாளிகளின் வார்டு முழுக்கப் பின்பக்கம்தான் இருந்தது என்பது தோண்டிய பிறகு தெரிந்தது.

உப்புக் கிடங்கில் உப்பு இருந்தது. மணிக்கூண்டில் மணி இல்லை, கூண்டு மட்டும்தான்.

தையல்காரர் தெரு உனக்கே தெரியும் என்று நினைத்தேன். அம்மா சொல்லவில்லையா? அளக்க வந்தவர்கள் நம் தெருவின் பெயரைக் கேட்டார்கள். நம் தெருவுக்கு ஏது பெயர். ஜன்னலில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த அம்மா, தலையை நிமிர்த்தாமல், "தையல்காரர் தெருன்னு எழுதிக்கோங்க" என்றாள். தெரு முழுக்கத் தேடினாலும் தையல் மிஷின் ஒன்றுதான். எண்ணெய் காணாத அந்தக் கிறீச்சு மிஷின் பெயரில் ஒரு ரயில் நிலையம். இதை நினைத்துக்கொண்டு சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், சிரிப்பு வந்தால் குரல் தானாக வரும்.

தாள் முடிந்துவிட்டது.

அண்ணன்


மார்ச் 5

அண்ணா, அண்ணா, அண்ணா,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. நலமாக இரு.

வந்துவிட்டது. ஐந்தும் வந்துவிட்டன. மூன்று பேரும் சொன்னபடியே நாற்காலியைத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். அதிகாரி அம்மாவின் பின்னலில் ஒரு பேனா செருகியிருந்தது. நான் மைக்கின் பக்கம் குனிந்து, அது உன் காது என்று நினைத்துக்கொண்டேன். உன் இடது காதில் இருக்கும் மச்சத்தைக்கூட அந்தக் கம்பி வலையில் பார்த்தேன். "அடுத்து, கோபக்காரர் தோட்டம்" என்றேன். பெரியவர் குறுக்கே படுத்திருப்பது தெரிந்தது. "அடுத்து, தையல்காரர் தெரு" என்றபோது சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நீ எழுதிய கதையைச் சொன்னதும் அம்மா, நான் பொய்யா சொன்னேன், தையல்காரி இருக்கிற தெரு தையல்காரத் தெருதானே என்று சண்டைக்கு வந்தாள்.

செவிப்பாறை மட்டும் வரவில்லை. சொல்கிறேன், ஆனால் கதை தெரியாததால் வெறும் சத்தமாக விழுகிறது. அதிகாரி அம்மாவைக் கேட்டேன் (நானே கேட்டேன், வாய் திறந்து). ஆட்கள் பலகையில் எழுதிய பெயர் என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. பாறை காது மாதிரி இருந்திருக்கும் என்றார். நீ அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய். தாள் முடிந்தால் இன்னொரு தாள் எடுக்க மாட்டாயா?

இந்தக் கடிதத்தோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். ஒலிப்பதிவாளர் என் பதிவை அதில் ஏற்றிக் கொடுத்தார். முகாமில் யாரிடமாவது கணினி இருக்கும். கேட்டுவிட்டு உடனே எழுது.

தரையில் கால் பாவாத
சுண்டெலி


மார்ச் 19

என் ரயில்காரிக்கு,

அம்மாவும் நீயும் நலம்தானே.

கேட்டேன். மெஸ்ஸில் ஒரு கணினி இருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டேன். பேச்சு மூச்சு இல்லை. முகாமே அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை. சமையல்காரர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்ன குரல் உனக்கு. ஒவ்வொரு பெயரும் மணி மணியாக வந்து விழுந்தது. கோபக்காரர் தோட்டத்தில் கொஞ்சம் கண்டிப்பு, பின்வாசலில் கொஞ்சம் கேலி. தையல்காரர் தெருவில் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். இதைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது. பாம்புச்செவி சொல்கிறேன், நம்பு.

செவிப்பாறை பெரிய கதை. நேரில் சொல்கிறேன்.

பெருமையோடு,
அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தை ஒலிப்பதிவாளரிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். இப்போதெல்லாம் அவரிடம் கொஞ்சம் பேசுகிறேன். அவர் முகம் மாறியது. அன்றைக்கு அவசரத்தில் பென்டிரைவில் வேறு பதிவை மாற்றி ஏற்றிவிட்டதாகவும், அதை எப்படிச் சொல்வதென்று தவித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். உனக்கு வந்தது மார்ச் மாதப் பதிவு இல்லை. பிப்ரவரியில் நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேனே, அது.

அண்ணா, அதில் ஒரு பெயர்கூட இல்லை. நாற்காலி கிறீச்சிட்டது மட்டும்தான் இருக்கிறது.

நீ போனை எடுக்காதது, சமையல்காரருக்குத் தலையை ஆட்டியது, எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். நீ இங்கிருந்து போவதற்கு முன்னால் அந்தக் கடைசி மாதங்களில், கிறீச்சிடும் மிஷினுக்கு எண்ணெய் போடு என்று முன்பு போல நீ அம்மாவைத் திட்டவே இல்லை.

எனக்குக் கோபம் இல்லை. மற்ற ஐந்து கதைகளையும் நீதான் சொன்னாய். ஆறாவதையும் நீயே சொல்.

சுண்டெலி


மே 11

என் தங்கைக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு வேலை காரணம் இல்லை. ஆறு முறை எழுதிக் கிழித்தேன்.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஷிஃப்டுக்கு முன்பும் எல்லா மிஷினையும் நிறுத்திவிடுவார்கள். ஒருவரும் இருமக்கூடக் கூடாது. ஓர் ஆள் மட்டும் போய்ப் பாறையில் காது வைத்துக் கேட்பான், அந்தப் பக்கம் தண்ணீர் இருக்கிறதா, கல் அசைகிறதா என்று. நீல வழியில் அந்த ஆள் நான்தான். பாம்புச்செவி என்ற பெயர் சும்மா வரவில்லை.

கடைசி நிலையத்தில் ஒரு நாள் காது வைத்தேன். உள்ளே யாரோ அரிசி களைவது மாதிரி ஒரு சத்தம். மேஸ்திரி தன் காதையும் வைத்துப் பார்த்தார், அவருக்குக் கேட்கவில்லை. "ஒண்ணும் இல்லப்பா" என்றார். "இருக்கு. எல்லாரும் ஏறுங்க" என்றேன். மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு எல்லோரையும் ஏற்றிவிட்டார். கடைசி ஆளாக நான் ஏணியில் கால் வைத்தபோது பாறை உடைந்தது. தண்ணீர் வந்த வேகத்தில் காற்றுக் குழாய் என் தலைக்குப் பக்கத்தில் வெடித்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் காதில் மட்டும் ஒரு ரீங்காரம் தங்கிவிட்டது. மறுநாள் பலகையில் ஆட்கள் அந்தப் பெயரை எழுதினார்கள், செவிப்பாறை என்று.

அதற்குப் பிறகு கேட்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வீட்டில் ஜலதோஷம் என்று சொன்னேன். முழுக்கப் போவதற்குள் இங்கே வந்துவிட்டேன். சுரங்கத்தில் எல்லோரும் செவிடர்தான் சுண்டெலி. அந்த இரைச்சலில் யாரும் யாரையும் வாயால் கூப்பிடுவதில்லை, கையால்தான் பேச்சு. அங்கே எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்தால்தான் தனியாக நிற்பேன். இப்போது கருவிக் கிடங்கில் வேலை.

உன் பதிவைப் போட்ட அன்று உள்ளங்கையை ஸ்பீக்கர் மேல் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய குரல்தானே, கைக்கு எட்டவில்லை போல என்று நினைத்தேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பாவம், சமையல்காரர் கண்ணைத் துடைத்தது உன் குரலுக்காக இல்லை.

உன் குரல் ஊருக்கெல்லாம் கேட்கும்போது எனக்கு மட்டும் கேட்காது. அதைச் சொன்னால் நீ வாயைத் திறக்கவே மாட்டாய் என்று பயந்தேன். நீ எந்தக் காதில் சொன்னாயோ, அது இல்லாத காது. மன்னித்துக்கொள். திறப்பு விழாவுக்கு நான் வரவில்லை. வந்து என்ன செய்ய. நீ நன்றாகச் சொல்லிவிடு.

அண்ணன்


மே 24

என் பாம்புச்செவி அண்ணாவுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி. எனக்குத் தொண்டை வலி. காரணம் கேள்.

உன் கடிதம் வந்த மறுநாள் கடைசிப் பதிவு. நாற்காலியைத் திருப்பிப் போடப் போனார்கள், வேண்டாம் என்றேன். "என்னப் பாத்தே உக்காருங்க. இது ரகசியம் இல்ல" என்றேன். ஒலிப்பதிவாளர் பாதி திருப்பிய நாற்காலியோடு அப்படியே நின்றார்.

சிவப்பு விளக்கு எரிந்ததும் நான் மைக்கின் காதில் சொல்லவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், மண்ணுக்கு அடியில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் ஒருவனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். "அடுத்து, செவிப்பாறை." சத்தத்தை அளக்கும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப்போய் முட்டியது. ஒலிப்பதிவாளர் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "ஏம்மா, மைக் பயந்துடுச்சு" என்றார். அதிகாரி அம்மா, யாரைக் கூப்பிட்டாய் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களையும் சத்தம், மேஸ்திரி, ஏணி, காற்றுக் குழாய். என் ஆயுசுக்கும் சேர்த்து அன்றைக்கே பேசிவிட்டேன். சத்தத்தைக் கொஞ்சம் தணித்து அதையே வைத்துக்கொண்டார்கள். ஆறும் என் குரல்தான். செவிப்பாறை நிலையத்தின் சுவரில் பெயருக்குக் கீழே அந்தப் பெயர் வந்த கதையையும் எழுதப்போகிறார்களாம். உன்னிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் நீ இல்லாமல் முடியாது.

அம்மாவிடம் மெதுவாகச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, "எனக்குத் தெரியாதா? வேணும்னே எண்ணெய் போடாம மிதிச்சுப் பாத்தேன். அவன் திரும்பியே பாக்கல" என்றாள். நீயாகச் சொல்கிற வரைக்கும் கேட்கக் கூடாது என்று இருந்தாளாம். அன்று சாயங்காலம்தான் மிஷினுக்கு எண்ணெய் போட்டாள். இப்போது வீடு அமைதியாக இருக்கிறது, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

திறப்பு விழாவுக்கு வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். உன்னை யார் கேட்டது? நான் வந்து அழைத்துப் போகிறேன். ஸ்டேஷனுக்குப் போய், வரிசையில் நின்று, கவுண்டரில் இருந்தவரிடம் நானே டிக்கெட் கேட்டேன். அவர் "சத்தமா சொல்லும்மா" என்றார். சொன்னேன். பின்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

முதல் ரயிலில் நீயும் நானும் எதிரும் புதிருமாக உட்காருவோம். மேலே இருந்து என் குரல் ஊருக்குச் சொல்லும்போது, எதிரில் இருந்து என் வாய் உனக்குச் சொல்லும். தையல்காரர் தெரு வரும்போது என் முகத்தைப் பார், சிரிப்பு எந்த இடத்தில் வருகிறது என்று தெரியும். அதற்குப் பிறகு உன் காதைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போவோம், சுரங்க ரயில் அலுவலகத்துக்குப் போவோம். எங்கே எது கேட்க வேண்டுமோ அதை நீ என் காதில் சொல். நான் உரக்கச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பிளாட்பாரத்தில் நில். வண்டி நின்றதும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், உனக்குக் கேட்காது என்று தெரிந்தும் கூப்பிடுவேன், ஏனென்றால் இப்போது எனக்குக் குரல் வருகிறது. நீ மஞ்சள் தாவணியைத் தேடு. எல்லோரும் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்களோ, அங்கே நான் இருப்பேன்.

வந்துகொண்டே இருக்கும்,
உன் தங்கை